ராட்டினக்காரர் மனைவியின் நெற்றி

தெருவில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர். யார் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்து விழுந்தாலும், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற தகர டப்பாவைக் கிளறி அதற்கு ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து வைத்துத் தைத்துவிடுவாள். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ராட்டினக்காரர். ஊருக்கு வெளியே உள்ள தீம் பார்க்கில், தூரத்து ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற அந்தப் பெரிய ராட்டினம் அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில், "ஒரு நாள் உன்னை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு நாள்தான் வந்தபாடில்லை. ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு வேலை. அவருக்கு லீவு என்றால் பூங்காவே மூடிக் கிடக்கும்.

மகள் சின்னவளாக இருக்கும்போது ஒருமுறை அவளையும் கூட்டிக்கொண்டு பொத்தானக்காவே கிளம்பிப் போய் வேலிக்கு வெளியே நின்றாள். ஏறிக்கோ என்று அவர் கையைக் காட்டினார். நீங்களும் வாங்க என்றாள். "சக்கரத்தைச் சுத்துறவன் சக்கரத்துல உக்கார முடியுமா?" என்று அவர் சிரித்தார். அப்படியானால் நானும் உட்காரவில்லை என்று மகளை மட்டும் ஏற்றிவிட்டு, கீழே நின்று கையாட்டிவிட்டு வந்துவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. கல்யாணப் புடவைக்குத் தைத்த ரவிக்கையையே மூன்று தரம் பிரித்துத் தைத்தவள்.

அப்புறம் தொற்று வந்தது. கடை மூடியது, பள்ளிக்கூடம் மூடியது, பூங்காவும் மூடியது. ஆனால் ராட்டினக்காரர் மட்டும் தினமும் கிளம்பிப் போனார். ஆளே இல்லாத ராட்டினத்தை எதற்குச் சுற்ற வேண்டும் என்று அவள் கேட்டாள். சும்மா விட்டால் துருப்பிடித்து நின்றுவிடும், பெட்டிகளில் மனுஷ எடைக்குத் தண்ணீர்ப் பைகளை உட்கார வைத்துச் சுற்றுகிறோம் என்றார். தண்ணீர்ப் பைக்குக் கிடைத்த கொடுப்பினை கட்டின பெண்டாட்டிக்கு இல்லை என்று அவள் சொல்ல, அவர் சட்டையைக் கழற்றி வெளியே வாளியில் முக்கினார். வேலைக்குப் போய்வந்தால் கொல்லையிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே வந்தாலும் கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டு அப்படியே எழுந்துவிடுவார். வீட்டுக்கு வீடு அப்போது அப்படித்தான் இருந்தது. ஒட்டி உட்கார்ந்தவர்கள் எல்லாம் எட்டி உட்கார்ந்தார்கள்.

கெடுபிடி தளர்ந்ததும் பூங்காவிலிருந்து ஒரு சேதி வந்தது. பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள், வேலைக்காரர்களின் குடும்பத்துக்கு மட்டும். கூட்டம் இருக்காது என்பதால் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெண் அன்றைக்கு விசையைப் பார்த்துக்கொள்வாள். அவர் ஏறி உட்காரலாம். திறந்துவிட்டால் பழையபடி லீவெல்லாம் வேலைதான், இந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் கிடையாது. இதைச் சொல்லும்போது ராட்டினக்காரர் அவளைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துச் சொன்னார். இருபது வருஷப் பழக்கத்தில் அவளுக்கு அது விளங்கிற்று. செருப்பைப் பார்த்துச் சொன்னால் மனசிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

முதல் தேதி குறித்தார்கள், மறுபடி ஊர் மூடியது. இரண்டாம் தேதி குறித்தார்கள், கூடவே இருக்கிற நாத்தனார் வேலை பார்க்கிற கடையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு வீட்டோடு எல்லோரும் அடைபட்டார்கள். மூன்றாவது தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவே பயந்தார்கள். அந்த நாள் என்றே பேசிக்கொண்டார்கள்.

அந்த நாளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாசலில் ஒவ்வொருவர் நெற்றியிலும் சூடு பார்ப்பார்கள். ஒருவருக்குச் சூடு இருந்தாலும் குடும்பமே திரும்பிப் போக வேண்டும். அதுவும் போதாதென்று, அந்த வேலைக்காரர் இரண்டு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாது. ராட்டினக்காரர் நகரவில்லை என்றால் திறப்பு நாளில் ராட்டினம் அவர் கையால் நகராது. அவர் எண்ணெய் போட்டு, துடைத்து, பூட்டியதையெல்லாம் இன்னொருவர் வந்து சுற்றுவார்.

கேட்டுக்கொண்டிருந்த பொத்தானக்காவுக்கு அப்போதே கழுத்தடியில் சுருக்கென்று ஏறியது.

அதை அவள் அடுப்பு என்பாள், தனக்குள்ளேயே. போன வருஷத்திலிருந்து வருகிறது. மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், எவரோ மார்புக்குள் பற்ற வைத்தாற்போல ஒரு அனல் கிளம்பிக் கழுத்து வழியாக நெற்றிக்கு ஏறும். முகம் சிவந்து, முதுகு நனைந்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அவளிடம் ரவிக்கை தைக்க வருகிற நர்ஸம்மாவிடம் கேட்டதற்கு, மாதவிலக்கு நிற்கிற வயசு, அவ்வளவுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். எப்போது என்று கேட்டாள். போகப் போக என்றார் நர்ஸம்மா, ஊசி போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

வேறு காலமாக இருந்தால் வீட்டில் சொல்லியிருப்பாள். உடம்பு சுடுகிறது என்று வாயைத் திறந்தாலே தனி அறையில் தள்ளித் தட்டை வாசலில் வைக்கிற காலமாயிற்றே அது. போதாததற்கு நாத்தனார். ராட்டினக்காரரின் தங்கை, மருந்துக்கடையில் வேலை, தனிக்கட்டை, வாய் நீளம், மனசு தங்கம். கடையிலிருந்து துப்பாக்கி போல ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து நிலைப்படியிலேயே நின்று வருகிறவர்களையெல்லாம் நெற்றியில் சுட்டுத்தான் உள்ளே விடுவாள். பால்காரர் அவள் தலையைக் கண்டாலே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நல்லவேளை, வெளியிலிருந்து வருகிறவர்களைத்தான் சுட்டாள், உள்ளே இருக்கிற அண்ணியைச் சுட அவளுக்குத் தோன்றவில்லை.

கணவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொன்னது ஒரு சின்னப் பெண்ணிடம். அந்தச் சின்னப் பெண்ணாகவே அவள் அந்தப் பெட்டியில் ஏற நினைத்தாள். வயசாகிவிட்டது என்று எப்படிச் சொல்ல? வாய் வரை வந்ததை நூலைக் கடித்து முடிவதுபோல முடிந்துகொண்டாள். அனல் தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்ப் படுக்கத் தொடங்கினாள், அங்கே தரை ஜில்லென்று இருக்கும். கேட்டவருக்கு, விடிவதற்குள் எழுந்து முகக்கவசம் தைக்க வேண்டும், மெஷின் சத்தத்தில் நீங்கள் ஏன் முழிக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னாள். அவர் சரி என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கமாட்டாரா என்று அவளுக்கும், சொல்லமாட்டாளா என்று அவருக்கும் இருந்திருக்கும். இரண்டு பேரும் நல்லவர்கள், அதனால்தான் வம்பு.

நாத்தனார் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, அடுப்பு பற்றியிருந்தபோது அவளே அந்தத் துப்பாக்கியைத் தன் நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தியது. தலையணைக்கு அடியில் அமுக்கினாள், அப்படியும் கத்திவிட்டுத்தான் ஓய்ந்தது.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். போகாவிட்டால் அவர் ஏறமாட்டார். போய்ப் பிடிபட்டால் அவர் வேலைக்கே போக முடியாது. பதற்றப்பட்டால் அடுப்பு சீக்கிரம் பற்றும், அதை நினைத்தாலே பதற்றம் வந்தது. ஆனால் கையில் தொழில் இருக்கிறவள் எத்தனை நாள் கலங்கிக்கொண்டிருப்பாள். முகக்கவசம் தைத்து மிஞ்சின பூப்போட்ட துணியை எடுத்தாள். விளிம்பு அகலமாக ஒரு தொப்பி தைத்தாள். தொப்பியின் முன்பக்கம் உள்ளே, நெற்றியில் ஒட்டுகிற இடத்தில், ரகசியமாக ஒரு பை. மருந்துக்கடைப் பெட்டிகளில் வருகிற குளிர்ப்பையில் ஒன்றை நாத்தனார் எப்போதோ கொண்டுவந்து ஃபிரிட்ஜில் போட்டிருந்தாள். அது அந்தப் பைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. தான் மட்டும் தொப்பி வைத்தால் சந்தேகம் வரும் என்று நாலு பேருக்கும் அதே துணியில் தைத்துவிட்டாள்.

அந்த நாள் காலையில் நாலு பேரும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மகள் சொன்னாள்: "அம்மா, நம்ம குடும்பத்தைப் பார்த்தா ஒரு செட் தலையணை உறை மாதிரி இருக்கு."

பூங்கா வண்டி வந்தது. ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார வைத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த பொத்தானக்காவின் நெற்றியில் ஐஸ் உறுத்தியது. மண்டைக்குள் ஒரு வலி ஊசி நூல் கோத்து ஓட்டியது. பொறுத்துக்கொண்டாள். பாதி வழியில் பையின் மேல் படிந்திருந்த பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது.

பின் சீட்டிலிருந்து நாத்தனார், "அண்ணி, அழறீங்களா?" என்றாள்.

"காத்து கண்ணுல பட்டுச்சு."

ஜன்னல் மூடியிருந்தது. நாத்தனார் மூடிய ஜன்னலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், அதிசயமாக வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் கேட்டுக்காரர் நின்றிருந்தார். ராட்டினக்காரரோடு ஒன்றாக டீ குடிக்கிறவர்தான், ஆனாலும் அன்றைக்குச் சட்டம் என்றால் சட்டம் என்ற முகத்தோடு நின்றார். ராட்டினக்காரர் தேறினார், மகள் தேறினாள், நாத்தனார், "என்னையே சுடுறீங்களா?" என்று கேட்டுத் தேறினாள். தொப்பியைக் கழற்றுங்க அண்ணி என்றார் கேட்டுக்காரர். அவள் கழற்றினாள். நெற்றிக்கு நேரே வைத்து அழுத்தினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். சந்தேகம் வந்து தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் காட்டியது. மூன்றாம் தரமும் அவள் நெற்றியில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, இந்தக் கணக்குப்படி நீங்க உயிரோட இல்ல."

மகள் குபீரென்று சிரித்தாள். கேட்டுக்காரர் சிரிக்கவில்லை. சூடாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஜில்லென்று இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றார். கொஞ்ச நேரம் அந்த மர நிழல் பெஞ்சில் உட்காருங்கள், நெற்றி நெற்றியாக ஆனதும் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

அவள் திரும்பும்போது கையிலிருந்த தொப்பியிலிருந்து குளிர்ப்பை நழுவி மண்ணில் விழுந்தது. நாத்தனார் குனிந்து எடுத்தாள். "இது எங்க கடை ஐஸு" என்றாள், ரொம்ப மெதுவாக.

ராட்டினக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். தங்கையையும் மகளையும் அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தார்.

"காய்ச்சலை மறைச்சுட்டு வந்தியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். பயந்து கேட்டார்.

"காய்ச்சல் இல்லீங்க."

"அப்புறம் இது எதுக்கு?"

"வயசு" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. வயசுக்கும் ஐஸுக்கும் என்ன என்று பார்த்தார்.

"எனக்கு நின்னுபோச்சுங்க."

"என்ன நின்னுபோச்சு?" என்று கேட்டுவிட்டார் அந்த மனுஷன். கேட்டு முடிக்கும்போதே புரிந்து, காது மடல் சிவந்து, செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

அதற்குள் அது வந்துவிட்டது. இத்தனை நேரம் ஐஸுக்கு அடியில் காத்திருந்ததுபோல, மார்பிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு. "இதோ பாருங்க, வருது" என்று முகக்கவசத்தை இறக்கிக்கொண்டாள். அவர் பார்த்தார். மூக்குநுனி வேர்த்து, நெற்றி வேர்த்து, காதோர நரைமுடி நனைந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு வருஷத்தில் அவளை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, பூப்போட்ட தொப்பியைத் தன் தலையிலிருந்து கழற்றி விசிறத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் விசிறிவிட்டு, "இதுக்கா சமையல்கட்டுக்குப் போய்ப் படுத்த?" என்றார்.

"தரை ஜில்லுனு இருக்கும்."

"நான் வேற நெனச்சேன்."

"என்னன்னு?"

அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. "தினம் வெளிய போய்ட்டு வர்றவன், எதையாவது ஒட்டிக்கிட்டு வந்துருவேன்னு பயந்து நீ தள்ளிப் போறன்னு நெனச்சேன். அது நியாயந்தானேன்னு இருந்துட்டேன்."

பொத்தானக்கா அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரை தோல் வெளுத்து, சோப்பில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. கொல்லையில் நின்று அவர் அப்படித் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பதை மெஷினில் உட்கார்ந்தபடி எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். கிரீஸ் போகவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

"நீ மட்டும் என்ன? நெத்தியில ஐஸ் கட்டிக்கிட்டு வந்திருக்க."

அவர் இடையில் விட்டிருந்த இடத்தை அவள் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது கேட்டுக்காரர் கூப்பிட்டால் என்ன செய்வது, என்னால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று அவள் தவித்தாள். கூப்பிடட்டும் என்றார். "ராட்டினத்துல பேரிங் சூடானா நான் என்ன பண்ணுவேன்? திட்டவா செய்வேன்? ஆறட்டும்னு பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"கடைசியில என்னை பேரிங்னு சொல்றீங்க."

"இருபது வருசமா சத்தம் போடாத பேரிங். அதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

தூரத்தில் நின்ற நாத்தனாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே கேட்டுக்காரரிடம் போய், அது காய்ச்சல் இல்லை, தன் கடைக்கு வருகிற அக்காமார்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று ஆரம்பித்தாள். கேட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தெரியும் என்றார். "என் வீட்டுக்காரிக்கும் இதே அனல்தான். வீட்டுல இருக்கிற ஃபேனெல்லாம் அவ பக்கம் பார்த்துத்தான் சுத்துது." இருந்தாலும் சூடு பார்க்காமல் விட முடியாது, தணியட்டும், எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன் என்றார்.

தணிந்தது. எப்போதும்போலத் தானாகவே தணிந்தது. ராட்டினக்காரர் விசிறி விசிறி ஆறவைத்த அந்த நெற்றியில் கேட்டுக்காரர் துப்பாக்கியை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "உயிர் வந்துருச்சு அண்ணி, உள்ள போங்க" என்றார்.

நாத்தனார் அவளைத் தாண்டிப் போகும்போது தோளில் இடித்தாள். "அத்தனை பேருக்கும் மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ வீட்டுக்குள்ளயே இருக்கேன். எங்கிட்ட சொல்லாம ஐஸ்கிட்ட சொல்லியிருக்கீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

ராட்டினத்தடியில் விசைக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் மேலதிகாரி பயணியாக வருவதைப் பார்த்து நெளிந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்றாள். "நானும் இவளும் தனிக்குடும்பம்" என்று சொல்லி நாத்தனார் மகளை இழுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனாள். நடுவில் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு பறக்கிற வரைக்கும் அது யாருக்கும் கிடையாது என்றார் ராட்டினக்காரர்.

பெட்டி அசைந்து மேலே கிளம்பியது. வேலிக்கு வெளியே தான் நின்ற இடத்தைப் பொத்தானக்கா குனிந்து பார்த்தாள். அது சின்னதாகிக்கொண்டே போய் ஒரு பொத்தான் அளவு ஆயிற்று. ராட்டினக்காரரோ மேலே உள்ள போல்ட்டைப் பார்ப்பதும், காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பதுமாக இருந்தார். இந்த இடத்தில் ஒரு முனகல் இருக்கிறது, நாளைக்குப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஏங்க. இன்னைக்கு நீங்க சுத்தல, உக்காந்திருக்கீங்க."

"ஆமால்ல" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். வைத்த கைக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. அவள் அந்த வெடித்த கையை எடுத்துத் தன் கையோடு வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார்கள்.

உச்சியில் ராட்டினம் நின்றது. கீழே விசைக்காரப் பெண் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்க வேண்டும். ஊரெல்லாம் தெரிந்தது, அவர்கள் வீடு எது என்று மட்டும் தெரியவில்லை. அவளுக்கு மறுபடியும் மார்புக்குள் அனல் பற்றியது. இந்த முறை அவள் ஒளியவில்லை. தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். அத்தனை உயரத்துக் காற்று, ஒரு ஊரையே ஆற்றக்கூடிய காற்று, அவள் நெற்றிக்கென்றே வந்ததுபோல வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சு."

"இங்கயே ஒரு பாயைப் போட்டுக்கலாம் போல."

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "சமையல்கட்டுலயே இன்னொரு பாய்க்கு இடம் இருக்குங்க. தண்ணி வாளியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கணும்."

அவர் கீழே செருப்பைப் பார்த்தார்.

"தள்ளி வச்சாப் போச்சு" என்றார்.

ராட்டினம் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. போல்ட்டில் அந்த முனகல் கேட்டது. இரண்டு பேருக்குமே கேட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.